தோட்டத்தில் காடியின் உபயோகம்

காடி நம் நாட்டாருக்குப் புதிய பொருளன்று. பழஞ்சோற்று நீர் புளித்தால் அது காடி. நெசவாளர் இல்லத்தில் பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சி மறுநாள் புளித்து நின்றால் அதுவும் காடியே. அதை மாட்டுத் தொட்டியில் ஊற்றுவோம். சித்த மருத்துவர்கள் சில சரக்குகளைச் சுத்தி செய்வதற்கும் காடியைக் கொண்டனர். இக்காலத்தில் கடைகளில் புட்டியில் அடைத்து ‘வினிகர்’ என்று விற்கப்படுவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. புளித்த மோரிலும் கஞ்சியிலும் மிகுந்திருப்பது லாக்டிக் அமிலம். வினிகரில் இருப்பது அசெட்டிக் அமிலம். முன்னதைவிடப் பின்னது இலையை எளிதில் சுடும். “புளித்த மோர் தெளித்தால் பயிருக்கு நல்லது என்கிறீர்கள், அவ்வாறாயின் வினிகர் தெளித்தாலும் நல்லதுதானே?” என்று நம்மை வினவும் அங்கத்தினர்களுக்கு முதல் விடை இதுவே.

இதை இவ்வளவு விரிவாக எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஸ்ரீரங்கம் தீவிலும், உறையூரிலும், மணிகண்டம் வட்டாரத்திலும் சங்கங்களின் கணக்கை ஆய்வு செய்யச் செல்லும்போது, அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறோம். கைப்பேசியில் வரும் படங்களில் வினிகர் களர் நிலத்தைத் திருத்தும், களையை ஒழிக்கும், மஞ்சளித்த இலையைப் பச்சையாக்கும், பூச்சியை விரட்டும் என்று கூறப்படுகிறது. ஒரு சங்கத்தில், உர மூட்டைகளுடன் வினிகரையும் கேன் கணக்கில் வாங்கி அங்கத்தினர்களுக்குக் கடனில் வழங்கலாம் என்ற தீர்மானமே நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பட்டிருந்தது. கடன் என்று வந்தபின் அது வெறும் தோட்ட வேடிக்கையாக இராது. திருப்பிச் செலுத்த வேண்டியவர் அங்கத்தினர். ஆதலால் ஒவ்வொரு கூற்றையும் நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் நிலம். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தீவின் மண் ஆற்று வண்டல். வாழையும் தென்னையும் வெற்றிலையும் அதில் செழிக்கின்றன. ஆற்றை விட்டுத் தெற்கே சென்றால் நிலைமை வேறு. நவலூர் குட்டப்பட்டில் வேளாண்மைக் கல்லூரி அமைந்திருக்கும் நிலமே களர் நிலந்தான். களர்மண்ணில் சோடியம் களித்துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கிறது. மழை பெய்தால் மண் சேறாகக் கரையும். காய்ந்தால் ஓடுபோல் இறுகும். நீர் உள்ளே இறங்காது. மண்ணின் பி.எச். எண் எட்டரைக்கு மேல் நிற்கும். வினிகரின் பி.எச். எண்ணோ இரண்டரை அளவில் இருக்கிறது. காரத்தில் புளிப்பை ஊற்றினால் சமன் ஆகும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது. கொள்கையளவில் அது பொய்யன்று. அளவில்தான் அது தோற்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்து மேல்மண் ஏறத்தாழ 900 டன் எடையுள்ளது. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் சுண்ணாம்புக் கார்பனேட் இருப்பதாகக் கொள்வோம். நம் பகுதி மண்ணுக்கு இது மிகையான மதிப்பீடன்று. அது 9 டன், அதாவது 9,000 கிலோ ஆகிறது. 100 கிலோ சுண்ணாம்புக் கார்பனேட்டைக் கரைக்க 120 கிலோ அசெட்டிக் அமிலம் வேண்டும். ஆகவே 9,000 கிலோவுக்கு 10,800 கிலோ அமிலம் தேவை. கடை வினிகரில் நூற்றுக்கு 5 பங்கே அமிலம், மற்றவை நீர். எனவே ஏக்கர் ஒன்றுக்கு 2 லட்சத்து 16 ஆயிரம் லிட்டர் வினிகர் ஊற்ற வேண்டும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் கொணர்ந்தால் 18 நடை. லிட்டர் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கோடியே எட்டு லட்சம் ரூபாய் ஆகிறது. எந்தச் சங்கம் இக்கடனை வழங்கும்?

மாடியில் வைத்திருக்கும் 10 கிலோ மண் கொண்ட தொட்டிக்குக் கூட, மேற்படி விகிதத்தில் 2.4 லிட்டர் வினிகர் தேவைப்படும். அவ்வளவையும் ஊற்றினால் செடி மாண்டுபோகும். இரண்டு கரண்டி ஊற்றினால் மண்ணில் மாறுதல் ஏதும் நிலைக்காது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அசெட்டிக் அமிலம் உணவு. சில நாட்களில் அதைத் தின்று தீர்த்துவிட, எஞ்சுவது பைகார்பனேட். விரட்டப்பட்ட காரம் வேறு கதவு வழியே வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

களர் நிலத்தின் மருந்து ஜிப்சமே. அது அமிலமன்று. அதிலுள்ள கால்சியம், களித்துகளைப் பற்றியிருக்கும் சோடியத்தை வெளியேற்றி, அவ்விடத்தில் தான் அமர்கிறது. வெளியேறிய சோடியம் நீரில் கரைந்து வடிகால் வழியே போக வேண்டும். ஆகையால் நிலத்தைச் சமன் செய்து, வரப்பை உயர்த்தி, வடிகால் வெட்டியபின்னரே ஜிப்சம் இடுதல் வேண்டும். பின்பு உழுது, நல்ல நீரைத் தேக்கி, சில நாட்கள் நிறுத்தி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சத்தை மட்டும் கொட்டியவர்கள் பலர். பணம் போனதே அவர்கள் கண்ட பலன். நெல் பயிரிடுவோர்க்கு நவலூர் குட்டப்பட்டுக் கல்லூரியார் களர் நிலத்துக்கென்றே வெளியிட்ட திருச்சி 1, திருச்சி 3 ஆகிய இரகங்கள் இருக்கின்றன. ஏக்கருக்கு எவ்வளவு ஜிப்சம் என்பதை அயலாரிடம் கேட்கலாகாது. மண் பரிசோதனை நிலையத்தில் கேட்க வேண்டும். கோடையில் நிலம் வெறுமையாக இருக்கும்போது, பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து சீராகச் சுரண்டிய மண்ணைக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோவாகக் குறைத்து அனுப்புதல் வேண்டும். எருக்குழி அருகிலும் வரப்போரத்திலும் மரத்தடியிலும் மண் எடுக்கலாகாது.

ஆயினும் மண் விஷயத்தில் வினிகருக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. அது சோதனை வேலை. காய்ந்த மண்ணைப் பொடி செய்து, தட்டில் ஒரு கரண்டி வைத்து, அதன் மேல் வினிகரைச் சில சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அம்மண்ணில் சுண்ணாம்புக் கார்பனேட் உண்டு. மெல்லக் காதருகே வைத்துக் கேட்டால் மட்டும் சிறு ஒலி எழுமாயின் கொஞ்சம் உண்டு. எவ்வித அசைவும் இல்லையேல் மிகக் குறைவு. ஒரு புட்டி வினிகர் ஒரு கிராமத்துக்கே போதும். இச்சோதனையால் களரை அறிய முடியாது என்பதை மட்டும் மறத்தல் கூடாது. களரை அறிய விரும்புவோர், பட்டாணி அளவுள்ள காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடித் தம்ளரில் மழைநீர் ஊற்றி அதில் மெல்ல இட்டு, அசைக்காமல் சில மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் படருமாயின் சோடியத்தின் மீது ஐயம் கொள்ளலாம். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

அடுத்து மல்லிகை. எட்டரை, கோப்பு முதலிய ஊர்களில் பூ பயிரிடும் அங்கத்தினர்கள், செடி மஞ்சளித்தவுடன் மனம் பதறுவது இயற்கை. விடியலில் பூ எடுத்துச் சந்தைக்குக் கொண்டு செல்பவருக்குச் செடியின் நிறமே வங்கிக் கணக்கு. ஆனால் எல்லா மஞ்சளும் ஒரே நோயன்று. கீழே உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவை எண்ண வேண்டும். வேரடியில் நீர் தேங்கினாலும் செடி வெளுக்கும். நுனியிலுள்ள இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. வேருக்குக் கிட்டாத வடிவில் பூட்டிக் கிடக்கிறது. வேரடியில் வினிகர் ஊற்றினால் அப்பூட்டுத் திறக்கும் என்று சொல்லப்படுகிறது. மேலே போட்ட கணக்கே இதற்கும் விடை.

இதற்கு எளிய வழி, மண்ணை விட்டுவிட்டு இலை வழியாக ஊட்டுவதே. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளிக்க வேண்டும். பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் மறுபடி தெளிக்கலாம். முதலில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்தபின்பே அன்னபேதியை இடுக. சிட்ரிக் அமிலம் இரும்பைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு துருவாகாமல் காக்கிறது. அதன் இடத்தில் வினிகரை ஊற்றினால் புளிப்பு உண்டாகுமேயன்றி அந்தப் பிணைப்பு அவ்வளவாக உண்டாகாது. கலக்கிய நீர் வைத்திருந்து செங்கல் நிறம் அடைந்துவிட்டால் கொட்டிவிட வேண்டும்; இரும்பு துருவாகிப் படிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அன்றன்று கலக்கி அன்றன்று தெளிப்பதே முறை.

களையைப் பற்றிய கூற்றில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தார் வினிகரைப் பல செறிவுகளில் களைகள் மீது தெளித்துப் பார்த்தனர். முளைத்து இரண்டு வாரத்துக்குட்பட்ட இளங்களைகள் 5, 10 விழுக்காடு அமிலத்திலேயே மடிந்தன. வளர்ந்த களைகளுக்கு அதனினும் செறிவு வேண்டியிருந்தது. அமிலம் இலையின் உயிரணுச் சவ்வைச் சிதைக்கிறது. பச்சைப் பகுதி நீரை இழந்து சில மணி நேரத்தில் வாடிக் கருகுகிறது. அது வேருக்கு இறங்கிச் செல்வதில்லை. நம் தோட்டங்களின் தீராப் பகைவர்களான கோரையும் அறுகும் மண்ணுக்குள் கிழங்காகவும் தண்டாகவும் உயிரை ஒளித்து வைத்திருப்பவை. மேலே கருகிய கோரை சில நாட்களில் மீண்டும் தலைகாட்டும். பார்ப்பவர்க்கு மருந்து வேலை செய்ததாகவே முதல் நாள் தோன்றும். படம் எடுப்போர் முதல் நாளோடு நிறுத்திக்கொள்கின்றனர்.

2022ஆம் ஆண்டு அக்டோபரில் கிளைபோசேட் களைக்கொல்லியின் உபயோகத்தைக் கட்டுப்படுத்தி மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டபின், அதற்கு மாற்றாக வினிகரைப் பலர் நாடினர். வேர் வரை செல்லும் மருந்துக்கு இலையை மட்டும் சுடும் நீர் மாற்றாகாது. வரிசைப் பயிர்களில் வைக்கோல் அல்லது வாழைச்சருகு மூடாக்கும், தக்க பருவத்தில் கைக்களையுமே இன்றும் மலிவானவை. முற்றத்துச் செங்கல் இடுக்கிலும், நடைபாதை ஓரத்திலும் முளைக்கும் சிறு களைகளுக்கு வினிகர் ஏற்றது. நண்பகல் வெயிலில், காற்றில்லாத வேளையில், சில சொட்டு சோப்பு நீர் கலந்து, களையின் மேல் மட்டும் படுமாறு தெளிக்க வேண்டும். உப்பைக் கலக்கச் சொல்வாரும் உளர். களரோடு போராடும் மாவட்டத்தில் காசு கொடுத்துச் சோடியத்தை வாங்கி மண்ணில் போடுவதைப் போன்ற பேதைமை வேறில்லை.

ஸ்ரீரங்கத்து அங்கத்தினர்களுக்குத் தனியே ஒரு சொல். உத்திர வீதி, சித்திரை வீதி முதலிய வீதிகளின் பழைய வீடுகளில் கொல்லைச் சுவரும் கிணற்றுக் கட்டும் சுண்ணாம்புக் காரையால் எழுப்பப்பட்டவை பல. மண்ணில் நுரைக்கும் அதே சுண்ணாம்புதான் அச்சுவரிலும் இருக்கிறது. கிணற்றுக் கட்டில் முளைத்த அரசங்கன்றை ஒழிக்க வினிகரைத் திரும்பத் திரும்ப ஊற்றினால், கன்று நிற்கக் காரை உதிரும். கன்று சிறிதாக இருக்கையிலேயே வேரோடு அகற்றிக் காரை பூசுவதே தக்கது.

இனி நெசவாள அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. சாயத் தொழிலில் அசெட்டிக் அமிலம் பழகிய பொருள். பட்டுக்கு அமிலச் சாயம் ஏற்றும்போதும், காஸ்டிக் சோடாவில் வேகவைத்த பருத்தி நூலின் காரத்தைப் போக்கவும் அதைச் சேர்க்கிறோம். சாயச்சாலைக்கு வருவது வினிகர் அன்று. ஏறத்தாழ முழுச் செறிவுள்ள அமிலம். குளிரில் 16 பாகை செல்சியசு அளவில் அது பனிக்கட்டி போல் உறைந்துவிடும். ஒரே குடும்பத்தில் தறியும் தோட்டமும் உள்ள வீடுகளில், “கடை வினிகரை ஏன் வாங்க வேண்டும், கேனில் இருப்பதைக் கொஞ்சம் எடுத்துக்கொள்வோம்” என்ற எண்ணம் தோன்றுகிறது. ஒரு சங்கத்தில் அமிலக் கேனின் இருப்புப் புத்தகத்தில் மாதந்தோறும் ‘கசிவு’ என்று கழிவு எழுதப்பட்டு வந்தது. கேனில் துவாரம் ஏதும் இல்லை. கசிந்தது எங்கே என்பதை அங்கத்தினர் ஒருவரின் கருகிய கத்தரிப் பாத்திதான் சொல்லிற்று. கத்தரியோடு போனது அவரது நல்வினை. அதே அமிலம் கண்ணில் தெறித்திருந்தால் பார்வை போயிருக்கும்.

இருபது விழுக்காட்டு அமிலமே கண்ணைக் கெடுக்க வல்லது. முழுச் செறிவுள்ளது தோலைப் புண்ணாக்கும். அதன் ஆவி மூச்சை அடைக்கும். நீர்க்கச் செய்ய வேண்டியிருப்பின், நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. கையுறையும் கண்ணாடியும் இன்றிக் கேனைத் திறக்கலாகாது. குடிநீர்ப் புட்டியில் மாற்றி வைத்தல் எக்காரணத்தாலும் ஆகாது. பார்வைக்கு அது தண்ணீரே. கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்து, பின்பு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யலாகாது; ஏறும்போதும் அது சுடும். 2013இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப்பின் அமிலங்களின் சில்லறை விற்பனை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. எனவே சாயச்சாலைக் கேனிலிருந்து அங்கத்தினர்க்கு ஒரு புட்டி அளப்பது தயவன்று; சங்கத்தின் மீது வழக்கை வருவித்தல். அமில அறையின் சாவி ஒருவரிடமே இருத்தலும், எடுத்த அளவுக்கு அன்றன்றே கையொப்பம் பெறுதலும் வேண்டும்.

சிறு உபயோகங்களைச் சுருக்கமாகச் சொல்லி முடிப்போம். சொட்டுநீர்க் குழாயின் துளைகளிலும் தெளிப்பானின் முனையிலும் கடினநீர் படிவித்த வெள்ளைச் சுண்ணாம்பைப் போக்க, அவற்றைக் கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் போதும். மண்தொட்டியின் வெள்ளைப் பூப்புக்கும் இதுவே. எறும்புச் சாரியைத் துடைத்தால் வழி குழம்பும், புற்று அழியாது. அழுகிய பழத்தில் மொய்க்கும் சிறு ஈக்கள் வினிகர்க் கிண்ணத்தில் விழும். மாவையும் கொய்யாவையும் குத்தி முட்டையிடும் பழ ஈக்கு வினிகர்க் கிண்ணம் பொறியாகாது. அதன் ஆண் ஈக்கு மெத்தில் யூஜினால் பொறியும், பாகல், புடல் முதலிய கொடிக்காய்களின் ஈக்குக் கியூலூர் பொறியும் வேண்டும். மோர் தெளிப்பவர்கள் தங்கள் தேமோரையும் அரப்பு மோரையும் தொடரலாம். அவற்றில் வினிகரைச் சேர்ப்பதற்குக் காரணம் ஏதுமில்லை.

வினிகரை வாங்குவதைவிட ஆக்குவதில் நம் சங்கங்களுக்கு ஆதாயம் இருக்கலாம் என்பது நம் கருத்து. தொட்டியத்திலும் ஸ்ரீரங்கத்திலும் தாரில் பழுத்து, கையில் நசுங்கி, விலை போகாத பூவனும் கற்பூரவல்லியும் பருவந்தோறும் மிஞ்சுகின்றன. நன்கு பழுத்த வாழைச் சதையில் ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை. ஈஸ்ட் அதைச் சாராயமாக்குகிறது. அதன்பின் காற்றுப்பட வைத்தால் அசெட்டிக் நுண்ணுயிர் அதைப் புளிப்பாக்குகிறது. இம்மாற்றம் உயிரிகளின் செயலே என்பதைப் பிரான்ஸ் நாட்டு லூயி பாஸ்டர் 1860களில் நிறுவினார். இழப்புப் போகச் சர்க்கரையின் எடையில் பாதி அமிலமாகக் கிடைத்தால், 10 கிலோ சதையிலிருந்து 5 விழுக்காட்டு வினிகர் 20 லிட்டர் வரை எடுக்கலாம். சங்கமாகச் செய்ய முற்படுவோர், தாயனூர் அருகில் 1993 முதல் இயங்கிவரும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தாரைக் கலந்துகொள்க. இடையில் சாராயம் உண்டாவதால் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் எழுத்து மூலமான அனுமதியையும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் பெற்ற பின்னரே பாத்திரம் வாங்கப் பணம் ஒதுக்க வேண்டும். சட்டப்படி வினிகரில் அசெட்டிக் அமிலம் 3.75 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. அமிலத்தை நீரில் கலந்து செய்ததாயின் புட்டியில் ‘செயற்கை’ என்று பொறித்தல் வேண்டும். பழத்திலிருந்து எடுத்ததற்கு அச்சொல் வேண்டியதில்லை; சந்தையில் கூடுதல் விலை கேட்பதற்கு இடம் இருப்பதும் அங்கேதான்.